பச்சை ஏறினால் போதும்

கம்பியூட்டரில் சத்தம் வராவிட்டால் அந்த நாட்களில் எங்கள் கடைக்கு வருவார்கள், அவரைத் தேடி. அவர் சத்தத்தை வர வைத்துக் கொடுப்பார். வர வைத்த சத்தத்தை ஒருநாளும் காது கொடுத்துக் கேட்கமாட்டார். அவரை நினைத்தால் எனக்கு இதுதான் முதலில் வருகிறது.

நான் அதே கடையில் போட்டோக் கொப்பி மெஷினில் நின்றேன். மஹய்யாவையிலிருந்து நடந்தே போய்விடுவேன். எட்டாம் வகுப்போடு படிப்பு நின்றது. மெஷினுக்கு அது போதும். கடை, கண்டிச் சந்தைக்குப் பக்கத்துச் சந்தில் மேல்மாடியில் இருந்தது. கீழே சப்பாத்துக் கடை. மேலே சில கம்பியூட்டர், டெலிபோன் பேச இரண்டு கூடு, என் மெஷின். முதலாளி முஸ்லிம் ஆள். அப்பா, தாத்தா காலத்திலிருந்து கண்டி.

யுத்தத்தின் கடைசி வருடங்கள் அவை. சண்டை வடக்கே. இங்கே செக்பொயின்ட். பையைத் திறந்து காட்ட வேண்டும், அடையாள அட்டையைக் காட்ட வேண்டும், யாழ்ப்பாணத்து ஆள் என்றால் இன்னும் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும்.

அவர் யாழ்ப்பாணத்து ஆள். ஐம்பது வயதிருக்கும். ஒல்லி. முழுக்கைச் சட்டை, மணிக்கட்டுவரை பொத்தான். ரோட்டில் சிங்களம் மட்டும் பேசுவார். கடைக்குள் வந்து கதவு சாத்தின பிறகுதான் அவருடைய தமிழ் வரும், அதுவும் பக்கத்தில் நின்றால்தான் கேட்கும். கட்டுகஸ்தோட்டையில் ஒரு அறையில் தனியாக இருந்தார். குடும்பத்தைப் பற்றி நாங்கள் கேட்கவில்லை. அந்தக் காலத்தில் அப்படிப்பட்ட ஆளிடம் என்ன கேட்டாலும் அது பொலிஸ் கேட்கிற மாதிரி இருக்கும்.

வெளிநாட்டில் இருக்கிற பிள்ளைகள் கல்யாணத்தையும் செத்த வீட்டையும் நெட்டில் நேராகக் காட்டத் தொடங்கியிருந்தார்கள். இங்கே இருக்கிற தாய் தகப்பன் எங்கள் கடைக்கு வந்து பார்ப்பார்கள். லைன் மெதுவாகத்தான் வரும். படம் நின்று நின்று ஓடும். அதனால் ரெக்கோட் பண்ணி சிடியில் போட்டுக் கேட்பார்கள், வீட்டில் வைத்து நிதானமாகப் பார்க்க.

அவர் வருவதற்கு முன் அந்த வேலையை முதலாளியே செய்தார். ஒரு யாழ்ப்பாணத்துக் குடும்பம். மகளுக்குக் கனடாவில் கல்யாணம். தாய் தகப்பனுக்கு விசா கிடைக்கவில்லை. எங்கள் கடையில் உட்கார்ந்து பார்த்தார்கள், சிடியும் எடுத்துக்கொண்டு போனார்கள். வீட்டில் சொந்தக்காரர்களைக் கூப்பிட்டு, பலகாரம் வைத்து, சிடியைப் போட்டிருக்கிறார்கள். மாப்பிள்ளை தாலியை எடுக்கிறார். அந்த இடத்தில் என் குரல் வருகிறது. ஒரு பக்கமா, ரெண்டு பக்கமா என்று யாரையோ கேட்கிறேன். பிறகு என் மெஷின் இழுக்கிற சத்தம். பிறகு முதலாளி டீக்காரனை ஏசுகிறார், சீனி போடவில்லை என்று. மேளம் எங்கேயும் இல்லை.

பெண்ணின் தகப்பன் மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார்.

"நான் என்ர பிள்ளையின்ர கலியாணத்தைக் கேக்க வந்தனான். உங்கட தேத்தண்ணிச் சண்டையை இல்லை."

முதலாளி எங்கேயோ விசாரித்து இவரைக் கூட்டிக்கொண்டு வந்தது அதற்குப் பிறகுதான். வந்தவர் எதையும் கழற்றவில்லை. மவுசால் இரண்டு இடத்தில் அழுத்திப் பார்த்தார். கம்பியூட்டர் தனக்குள் ஓடுகிற சத்தத்தை எடுக்காமல் மைக் வழியாக அறையின் சத்தத்தை எடுத்திருக்கிறது என்றார். எடுக்கிற இடத்தை மாற்றினார். அதோடு விடவில்லை. சட்டைப் பையிலிருந்து ஒரு பின்னை எடுத்தார். பழைய ஹெட்போனின் பின். வயரை ஒட்ட வெட்டி எறிந்துவிட்டு முனையை மட்டும் வைத்திருந்தார். அதை மைக் ஓட்டையில் குத்தினார். அதில் ஒன்றும் இல்லை. ஆனால் கம்பியூட்டர் தனக்கு ஒரு மைக் கொடுத்துவிட்டார்கள் என்று நினைத்துக்கொள்ளுமாம். அறையில் யார் என்ன பேசினாலும் அதற்கு ஏறாது.

"இனி இது செவிடு. நீர் பயமில்லாமல் கதைக்கலாம்," என்றார். என்னோடு அவர் பேசிய முதல் பேச்சு அதுதான்.

எல்லா மெஷினிலும் ஒவ்வொரு பின் குத்தினார். அதற்குப் பிறகு கல்யாணத்தில் மேளம் வந்தது, பூசையில் மணி வந்தது. அவருடைய பெயர் பரவியது. பேராதனையிலிருந்தும் மாத்தளையிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள்.

அவர் வேலை செய்கிற விதம் இப்படி. ஆட்கள் வந்ததும் ஸ்பீக்கர் பெட்டியின் சுவிட்சை அமர்த்திவிடுவார். படம் சத்தமில்லாமல் ஓடும். ரெக்கோட் பண்ணுகிற ஜன்னலில் ஒரு சின்னக் கோடு இருக்கும். சத்தம் போகப் போக அது பச்சையாக ஏறி இறங்கும், சத்தம் மிஞ்சினால் சிவப்பாகும். அவர் அதை மட்டும் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். ஹெட்போன் கொளுக்கியில் தொங்கும். அதைத் தொடமாட்டார்.

கொஞ்சம் கேட்டுப் பாருங்கள், சத்தம் சரியா என்று யாராவது கேட்டால் ஒரே பதில்தான்.

"சத்தம் இருக்கா இல்லையா எண்டது என்ர வேலை. என்ன சத்தம் எண்டது உங்கட வேலை."

கீழே நிற்கிற ஆட்டோக்காரன் ஒருவன் அடிக்கடி மேலே வந்து பகிடி விடுவான். அண்ணே, வீட்டில் பொண்டாட்டி திட்டினாலும் பச்சையைத்தான் பார்ப்பீர்களா என்று ஒருநாள் கேட்டான். அவர் திரும்பவில்லை.

"அது சிவப்புக்குப் போகும்," என்றார்.

அவர் சொல்லி நான் சிரித்த ஒரே பேச்சு அது.

ஒருமுறை ஒரு வயதான அம்மாவும் ஐயாவும் வந்தார்கள். லண்டனில் மகன் செத்துப்போனான். செத்த வீட்டை நெட்டில் காட்டினார்கள். அம்மாவுக்குக் கண் சரியில்லை, படம் தெரியவில்லை. தேவாரம் பாடுகிறார்களா என்று மட்டும் கேட்டுக்கொண்டிருந்தார். ஐயா ஸ்பீக்கரைப் போட்டார். இவர் எட்டி அமர்த்தினார். ஐயா திரும்பவும் போட்டார். இவர் திரும்பவும் அமர்த்தினார். பச்சை ஏறுது அம்மா, பாடுகினம், என்றார். பாடினார்களா, யாராவது பேசினார்களா, கார் சத்தமா, அவருக்கு எப்படித் தெரியும்? பச்சைக்கு எல்லாம் ஒன்றுதான். எனக்கு அன்றைக்கு அவரைப் பிடிக்கவில்லை.

ஆனால் பிறகு ஒருநாள் சிவில் உடுப்பில் இரண்டு பேர் வந்தார்கள். வந்தவுடன் கதவைச் சாத்தினார்கள். இங்கே வந்து என்ன பார்க்கிறார்கள், என்ன கேட்கிறார்கள் என்று சிங்களத்தில் விசாரித்தார்கள். நான் மெஷின் பக்கம் திரும்பி நிற்கிறவள் என்றேன். அவரைக் கேட்டார்கள். எனக்குத் தெரியாது, நான் கேட்பதில்லை என்றார். ஒருவன் சிரித்தான். சத்தம் பார்க்கிற ஆள், கேட்பதில்லையா என்றான். அவர் எழுந்து நின்று, சுவிட்ச் அமர்த்தின ஸ்பீக்கரைக் காட்டினார், தூசி பிடித்த ஹெட்போனைக் காட்டினார், பச்சைக் கோட்டைக் காட்டினார். முகத்தில் ஒன்றும் இல்லை. அவன் அவரை நெடுநேரம் பார்த்தான். கடைசியாக எடுத்த படத்தைத் தானே போட்டு ஸ்பீக்கரைக் கூட்டினான். யாரோ ஒரு போதகர் இயேசுவைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தார். போய்விட்டார்கள்.

அவர்கள் இறங்கின பிறகு நான் கதவைத் திறந்து வைத்தேன். அவர் உட்கார்ந்து விட்ட இடத்திலிருந்து வேலையைப் பார்த்தார்.

முதலாளி அன்று எனக்கு அந்த மனிசனின் கதையைச் சொன்னார். அவர் முந்தி வேறொரு ஊரில் ரெக்கோடிங் பார் வைத்திருந்தாராம், கெசட்டில் பாட்டுப் பதிந்து கொடுக்கிற கடை. பெரிய கலவரத்தில் அது எரிந்தது. திரும்பக் கட்டினார். பாட்டு என்றால் பைத்தியம், எல்லாவற்றையும் கேட்டுத்தான் பதிவாராம். ஒரு பையன் ஒரு கெசட்டைக் கொடுத்து இன்னொன்று பதியக் கேட்டான். பாட்டு இல்லை, இயக்கத்துப் பேச்சு. இவர் பதிந்து கொடுத்தார். பிறகு இவரைப் பிடித்துக்கொண்டு போய் அதில் என்ன இருந்தது என்று கேட்டிருக்கிறார்கள். அடித்திருக்கிறார்கள். இவர் கேட்டவர், அதனால் சொல்ல இருந்தது. சொன்னார். அந்தப் பையன் திரும்பி வரவே இல்லை.

"கேட்டதால தானே சொல்ல வேண்டி வந்தது," என்றார் முதலாளி. "அதுக்குப் பொறகு மனிசன் கேக்கிறதையே விட்டுட்டார். அது நமக்கும் நல்லது."

நானும் அப்படித்தான் நினைத்தேன்.

வன்னியில் சண்டை முடிகிற நேரம் ஒரு அம்மா வந்தார். ஹேவாஹெட்டைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டத்துக் கொழுந்துக்காரி. விரலெல்லாம் கறை. நான் பேசுகிற மலைநாட்டுத் தமிழைக் கேட்டு நேராக என்னிடம் வந்தார். கையில் மடித்த துண்டுக் கடுதாசி. அதில் நெட் விலாசம் ஒன்று.

அவருடைய தம்பி பழைய கலவரம் ஒன்றில் தோட்டத்தை விட்டு வன்னிக்குப் போனவர். அங்கே காடு வெட்டிக் குடியேறினார். அந்தத் தம்பியின் மகனுக்குத்தான் இந்த அம்மா தன் ஒரே மகளைக் கட்டிக் கொடுத்திருந்தார். செல்வி என்று பெயர். கல்யாணம் முடிந்து போனவள். அதோடு சண்டையில் வன்னிப் பாதை பூட்டினது. பல மாதமாக ஒரு செய்தியும் இல்லை. கடைக்கு வருவதற்கு முதல் நாள் பிரான்சில் இருக்கிற சொந்தக்காரர் ஒருவர் போன் எடுத்திருக்கிறார். உன் தம்பி நெட்டில் ஒரு படத்தில் வருகிறார், காயப்பட்டுப் படுத்திருக்கிறார், பேசுகிறார், செல்வி பேரைச் சொல்கிறார், போனில் வேண்டாம், நீயே போய்ப் பார் என்று சொல்லி வைத்துவிட்டார். போனை யாராவது ஒட்டுக் கேட்பார்கள் என்ற பயம். அது எல்லாருக்கும் இருந்தது.

நான் அவரிடம் கூட்டிக்கொண்டு போனேன். கடுதாசியைப் பார்த்தார். மடித்தார். கதவைப் பார்த்தார்.

"இது கூடாத இடம் அம்மா. பார்த்தால் பிடிப்பாங்கள்."

"எம் புள்ள உசுரோட இருக்காளான்னு தெரிஞ்சா போதும் சார். வேற ஒண்ணும் வேணாம்."

அவர் கடுதாசியைத் திரும்பவும் விரித்தார். பிறகு எழுந்து மூலை மெஷினுக்குப் போனார். அது ரோட்டுக்கோ கதவுக்கோ தெரியாது. முதலாளி காலையில் உட்காருகிற மெஷின்.

படம் விட்டு விட்டு வந்தது. தரப்பாள் கூரை. கீழே வரிசையாகப் படுத்திருந்தார்கள். அழுகிற வாய்கள். சத்தம் இல்லை. பிறகு தலையில் கட்டுப் போட்ட ஒரு ஆள் வந்தார். அந்த அம்மா என் கையைப் பிடித்தார். தம்பி என்றார். அந்த ஆள் பேசினார். கொஞ்சம்தான். மூச்சு வாங்கி, திரும்பவும் கொஞ்சம் பேசினார். படம் வேறு ஆளுக்குப் போய்விட்டது.

"கேக்கலியே சார். என்னா சொல்றான்?"

"வீட்டில கேளுங்கோ அம்மா. இஞ்ச வேண்டாம்."

"ஒரு வார்த்த சார்."

"பச்சை ஏறுது. சத்தம் நல்லா விழுந்திருக்கு."

நானும் எட்டிப் பார்த்தேன். ஏறத்தான் செய்தது.

ஹெட்போனையாவது குடுங்களேன் என்றேன். அவர் எனக்கு மட்டும் கேட்கிற மாதிரிச் சொன்னார், காதில் போட்டால் அழுவா, அழுதால் எல்லாரும் திரும்பிப் பார்ப்பார்கள் என்று. அங்கே வேறு ஆட்களும் இருந்தார்கள். அவர் சொன்னது நியாயம். ஆனால் அவர் தன் காதில் போட்டிருக்கலாம். ஒரு நிமிடம். யாரும் திரும்பிப் பார்த்திருக்கமாட்டார்கள்.

சிடியை ஒரு சாமிப் பாட்டுக் கவருக்குள் போட்டுக் கொடுத்தார். அந்த அம்மா அதைச் சேலைக்குள் செருகிக்கொண்டு போனார்.

அடுத்த வாரம் திரும்பி வந்தார். படியேறி வந்து நின்றாரே தவிர உட்காரவில்லை. லயத்து வீட்டுக் கதவைச் சாத்தி, பக்கத்துக் காம்பிரா வீட்டிலிருந்து சிடி டெக்கை இரவல் வாங்கிப் போட்டிருக்கிறார்கள். புருஷன், கொழுந்தன், மகளோடு படித்த பிள்ளைகள், எல்லாரும் இருந்திருக்கிறார்கள்.

"எந் தம்பி வாயத் தொறந்தா வெள்ளக்காரன் கிரிக்கெட் பேசுறான் சார்."

அவர் சிடியை வாங்கினார். கை கொளுக்கிக்குப் போனது. ஹெட்போனை எடுத்தார். தூசியைத் துடைக்கவில்லை. நான் அந்தக் கடையில் இருந்த காலத்தில் அவர் காதில் ஹெட்போன் போட்டதை அன்றுதான் பார்த்தேன். முழுவதையும் கேட்டார். முகம் மாறவில்லை. காது மட்டும் சிவந்துகொண்டே வந்தது.

நடந்தது இதுதான். அந்த மாதிரிப் படம் பார்க்க வருகிறவர்கள் முதல் வேலையாகப் படத்துக்குக் கீழே இருக்கிற சத்தத்தை அடைத்துவிடுவார்கள், பக்கத்தில் இருப்பவனுக்குத் தமிழ் கேட்கக் கூடாது என்று. பயத்தில் ஊமைப் படமாகத்தான் பார்ப்பார்கள். அந்த மெஷினில் யாரோ முன்பே அப்படி அடைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். அடைத்தது அடைத்தபடி இருந்தது. முதலாளி காலையில் கிரிக்கெட் கேட்க நெட்டில் ரேடியோவைத் திறந்து, மூடாமல் கீழே தள்ளிவிட்டிருக்கிறார். ஸ்பீக்கரை அமர்த்தியிருந்ததால் அது ஓடுவது யாருக்கும் தெரியவில்லை. கம்பியூட்டர் தனக்குள் ஓடின சத்தத்தை ஒழுங்காக எடுத்திருக்கிறது. பச்சை ஏறியது கிரிக்கெட்டுக்கு.

அவர் நெட் விலாசத்தைப் போட்டார். அந்தப் படம் இல்லை. எடுத்துவிட்டார்கள். சுற்று வழியால் வேறு இடங்களில் தேடினார். அன்று முழுவதும் தேடினார், வேறு வேலை பார்க்கவில்லை. டெலிபோன் கூட்டிலிருந்து பிரான்சுக்கும் பேசப் பார்த்தோம். அந்தச் சொந்தக்காரருக்கும் செல்வி என்ற பெயர் மட்டும்தான் விளங்கியதாம். பக்கத்தில் அழுகிற சத்தத்தில் மற்றது கேட்கவில்லை என்றார். பிரான்சில் அவர் அந்தப் படத்தை எடுத்து வைக்கவும் இல்லை.

செல்வி இருக்கிறாள் என்றாரா, செத்துவிட்டாள் என்றாரா, இன்ன இடத்தில் விட்டு வந்தேன் என்றாரா? தெரியாது.

கடையில் ஆள் குறைந்த பிறகு அவர் அந்த அம்மாவைக் கதிரையில் உட்கார வைத்தார். சிடியைப் போட்டார், சத்தமில்லாமல். முகத்தை ஸ்கிரீனுக்குப் பக்கத்தில் கொண்டுபோனார்.

"வாயைப் பார்த்தால் விளங்குது அம்மா. எங்கட ஆக்கள் கதைக்கிற கதை எனக்குத் தெரியும் தானே. செல்வி சுகமா இருக்கிறா, அக்கா பயப்பட வேண்டாம் எண்டு சொல்றார்."

அந்த அம்மா முகத்தை மூடிக்கொண்டார்.

நான் பின்னால் நின்றேன். ஸ்கிரீன் எனக்கும் தெரிந்தது. படத்தில் அந்த ஆள் வாயைத் திறக்கும் முன்னமே இவர் சொல்லி முடித்துவிட்டார்.

அந்த அம்மா போன பிறகு கேட்டேன்.

"அண்ணே, அப்படித்தான் சொல்றாரா?"

"பின்ன என்ன சொல்லச் சொல்றீர்?"

இரக்கத்தில் சொன்னாரா, அந்த இடத்திலிருந்து தப்பச் சொன்னாரா? இரண்டும் இருக்கும் என்றுதான் நினைக்கிறேன். கேட்காத ஆள், கேட்டதாக ஒரு பேச்சை உண்டாக்கிவிட்டார். அதை நல்ல வேலை என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்த ஆள் ஒரு இடத்தின் பெயரைச் சொல்லியிருந்தால்? போய்த் தேட ஒரு இடமாவது கிடைத்திருக்கும்.

யுத்தம் முடிந்தது. வெற்றி என்று ரோட்டில் வெடி கொளுத்தினார்கள், பாற்சோறு கொடுத்தார்கள். முதலாளி கடையைப் பாதி சாத்தி வைத்தார். ஒரு வாடிக்கைக்காரர் எங்களுக்கும் இலையில் பாற்சோறு கொண்டுவந்து கொடுத்தார். முதலாளி கொஞ்சம் சாப்பிட்டார். அவர் இலையைக் கையில் வாங்கினார், நன்றி சொன்னார், மேசையில் வைத்தார். மாலை வரை அது அங்கேயே இருந்தது.

அந்த அம்மா வவுனியா முகாம்களுக்குப் போய் வந்தார். கம்பி வேலிக்கு வெளியே நின்று பெயரைக் கூப்பிட்டுப் பார்த்தாராம். தம்பியும் இல்லை, தம்பி பொண்டாட்டியும் இல்லை, மருமகனும் இல்லை, செல்வியும் இல்லை. அந்த வீட்டில் ஒருவரைக்கூடக் கண்டதாக யாரும் சொல்லவில்லை.

அதற்குப் பிறகு மாதம் ஒருமுறை எங்கள் கடைக்கு வரத் தொடங்கினார். சம்பளம் எடுத்துக் கண்டிக்குச் சாமான் வாங்க வருகிற நாள். சாமான் பையோடு மாடி ஏறி, சிடியை எடுத்து மேசையில் வைப்பார்.

"ஒரு வாட்டி போட்டுச் சொல்லுங்க சார்."

அவர் போடுவார். அந்த ஆளின் முகம் வரும். இவர் சொல்வார். செல்வி சுகமா இருக்கிறா, அக்கா பயப்பட வேண்டாம். அந்த அம்மா தலையை ஆட்டிக் கேட்பார். சிடியை எடுத்துக்கொண்டு போவார். அவ்வளவுதான்.

முதல் சில மாதம் அவர் ஒழுங்காகச் சொன்னார். பிறகு அந்த அம்மா படியில் ஏறுகிற சத்தம் கேட்டாலே அவர் கை மவுசில் நின்றுவிடும். காலடியை அடையாளம் வைத்திருந்தார். ஒருநாள் டொய்லட்டுக்குள் போய்க் கதவைப் பூட்டிக்கொண்டார். அந்த அம்மா அவசரப்படவில்லை. சாமான் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வெளியே வந்துதான் ஆகவேண்டும். வந்தார். சொன்னார்.

மெலிந்துகொண்டே போனார். சட்டைக் கழுத்துக்குள் கை விடலாம் போல இருந்தது. முதலாளி என்னிடம், அந்தப் பொம்பளையை வர வேண்டாம் என்று சொல்லட்டுமா என்று கேட்டார். அவரிடமே கேட்டோம்.

"வரட்டும்," என்றார்.

ஒரு மழை நாள். அந்த அம்மா நனைந்து வந்தார். சிடியைப் போட்டார். முகம் வந்தது. அவர் ஸ்கிரீனைப் பார்க்கவில்லை, ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார்.

"செல்வி இருக்கிறா, அக்கா பயப்பட வேண்டாம்."

அந்த அம்மா எழுந்திருக்கவில்லை.

"போன வாட்டி சுகமா இருக்கான்னு சொன்னீங்க சார்."

அவர் ஜன்னலிலிருந்து திரும்பினார்.

"இன்னைக்குச் சுகமான்னு சொல்லலியே."

மழை தகரத்தில் விழுந்துகொண்டிருந்தது. நான் மெஷினை நிறுத்திவிட்டேன். அவர் படத்தைத் திரும்பவும் முதலிலிருந்து போட்டார். இந்த முறை ஸ்கிரீனைப் பார்த்தார். அந்த ஆள் வாய் திறக்கும்வரை காத்திருந்தார்.

"செல்வி சுகமா இருக்கிறா," என்றார். குரல் அவருடையது மாதிரி இல்லை.

அன்று நான் குடை பிடித்து அந்த அம்மாவை ஹேவாஹெட்டை பஸ்வரை கொண்டுபோய் விட்டேன். வழியில் கேட்டுவிட்டேன், அவர் சொல்வதை நம்புகிறீர்களா என்று. பஸ்ஸில் ஏறி, ஜன்னல் ஓரம் உட்கார்ந்து, பையை மடியில் வைத்த பிறகுதான் சொன்னார்.

"லயத்துல எல்லாரும் அவளுக்குக் கருமாதி செய்னு சொல்றாங்கம்மா. எம் புருசனும் சொல்றாரு. இருக்கான்னு சொல்ல இந்த ஒலகத்துல ஒருத்தருதான் இருக்காரு. அவரு எப்படிச் சொன்னா எனக்கென்ன?"

பஸ் புறப்பட்டது. இதை நான் அவரிடம் சொன்னேன். அடுத்த நாள் காலை, டீ குடிக்கும்போது. சொன்னால் அவருக்குக் கொஞ்சம் லேசாகும் என்று நினைத்தேன். அவர் டீயைப் பாதியில் வைத்தார். அன்று முழுவதும் ஒரு மெஷினையும் தொடவில்லை.

அந்த மாதம் முடிவதற்குள் அவர் போய்விட்டார். ஒரு திங்கட்கிழமை வரவில்லை. முதலாளி கட்டுகஸ்தோட்டைக்கு ஆள் அனுப்பினார். அறை காலி. பாதை திறந்துவிட்டது, ஊருக்குப் போயிருப்பார் என்று ஒருவர் சொன்னார். வெளிநாட்டுக்குக் கப்பலில் ஏறியிருப்பார் என்று ஒருவர் சொன்னார். எங்கே போனாலும் போகட்டும். என் கோபம் வேறு. அந்த அம்மா எந்த நாளில் வருவார் என்று அவருக்குத் தெரியும். வந்து நிற்பார் என்று தெரியும். அதற்கு முன்னால் கிளம்பிவிட்டார்.

சம்பள நாளில் அந்த அம்மா வந்தார். அவருடைய கதிரையில் வேறொரு பையன் இருந்தான். நான் விஷயத்தைச் சொன்னேன். அந்த அம்மா அழவில்லை. எங்கே, ஏன் என்று கேட்கவில்லை. முதலாளி தானாக எழுந்து வந்தார். இந்தப் பையன் நல்லாப் படித்தவன், இவனைப் போடச் சொல்கிறேன், உட்காருங்கள் என்றார். பையன் ஹெட்போனை நீட்டினான்.

அந்த அம்மா மேசையில் வைத்த சிடியைத் திரும்ப எடுத்துச் சேலைக்குள் செருகினார்.

"வேணாம் தம்பி. இதுல அவருக்கு மட்டுந்தான் கேட்டுச்சு."

சாமான் பையைத் தூக்கிக்கொண்டு படி இறங்கினார்.